கையும் ஊசியும் பொருந்தினால்தான் பாட்டு

டர்ன்டேபிள் வாங்குகிறவர்கள் ஊசியைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பார்கள்; ஊசியைச் சுமக்கும் டோன் ஆர்ம், அதாவது கை, கனமா லேசா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கனமோ லேசோ தன்னளவில் ஒரு தகுதியே அல்ல. ஊசித்தண்டின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் ஒரு வில்லாக வேலை செய்கிறது. கையும், ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் அந்த வில்மேல் ஏறிய நிறை. இரண்டும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வெண்ணில் ஆடத் துடிக்கும். இசைத்தட்டின் நெளிவுகள் கிளப்பும் அசைவு பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேல். ஆகவே அந்த இயல்பு அதிர்வெண், அதாவது ஒத்ததிர்வு, நடுவில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், விழ வேண்டும்.

கணக்கு எளிது. மொத்த நிறையை ரப்பரின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 கையின் பயனுறு நிறை 12 கிராம். ஆர்டஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், நெகிழ்வு 20. திருகுகளோடு நிறை சுமார் 20; விடை 8 ஹெர்ட்ஸ், எல்லையில் நிற்கிறது. அதே கார்ட்ரிட்ஜை 30 கிராம் கையில் மாட்டினால் 6-க்கும் கீழே போய், நெளிவுகளின் வாயில் விழுகிறது. பயனுறு நிறை என்பது தராசு காட்டும் எடை அல்ல. சுழலச்சிலிருந்துள்ள தூரத்தின் வர்க்கம் அதில் சேர்கிறது. ஊசிமுனையில் கூடும் ஒரு கிராம் முழுதாகக் கணக்கில் வரும். அதனால்தான் பின்புற எதிர் எடையைப் பெரிதாக்கி, அச்சுக்கு அருகிலேயே வைப்பது நல்ல வடிவமைப்பு.

6 ஹெர்ட்ஸ் காதில் விழாதே, பிறகென்ன என்று கேட்கலாம். விழாதுதான். ஆனால் ஒவ்வொரு நெளிவிலும் ஊசியழுத்தம் ஏறி இறங்கும், பியானோவின் நீண்ட சுரம் தள்ளாடும், ஸ்பீக்கர் கூம்பு வீணாக முன்னும் பின்னும் பாயும். இவை காதுக்கு எட்டுகிற கேடுகள். ஊசியழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பாரும் உண்டு. அந்தச் சமன்பாட்டில் அழுத்தத்துக்கு இடமே இல்லை. கையோடு பொருத்தும் சிலிகான் எண்ணெய்த் தொட்டி ஆட்டத்தை அடக்கும், உண்மையிலேயே பயன்படும். ஆனால் அதிர்வெண்ணைப் பெரிதாக நகர்த்தாது.

இந்தக் கணக்குக்கு வலுவான ஆட்சேபம் வேறொன்று. டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜுக்கு 5 என்று தரப்படும் நெகிழ்வு 100 ஹெர்ட்ஸில் அளந்தது; 10 ஹெர்ட்ஸில் ரப்பர் இன்னும் இளகி நடந்துகொள்ளும். காகிதக் கணக்கு அங்கே தவறும். சோதனைத் தட்டைப் போட்டு, எந்த அதிர்வெண்ணில் கார்ட்ரிட்ஜ் கண்ணுக்குத் தெரிய நடுங்குகிறது என்று பார்ப்பதே சரி. 12-க்கு மேலே நடுங்கினால் ஊசிமுனைப் பக்கம் சில கிராம் எடை சேர்த்து, எதிர் எடையைத் திருப்பிச் சரிசெய்தால் போதும். புதுக் கை வாங்க வேண்டியதில்லை.