நீ மூத்தவனா, எளையவனா?

படப்பை கடைத்தெருவில் யாராவது என்னை நிறுத்தி நலம் விசாரித்தால், 'இவர் என்னைத்தான் விசாரிக்கிறாரா?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பாதி நேரம் இல்லை. போன மாதம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமனாருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி?" என்று உருகிவிட்டார். "முடிஞ்சுதுங்க, நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அந்த மாமனார் என்னுடையவர் அல்ல. அண்ணனுடையவர். என்னைவிட ஏழே நிமிஷம் மூத்த அண்ணன்!

ஆமாம், நான் ரெட்டையில் ஒருத்தன். அசல் ரெட்டை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கிற ரகம். உலகம் முழுக்க ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று, நான்கு இப்படி அமைகிறதாம். எதனால் பிரிகிறது என்பதற்கு டாக்டர்களிடம் இன்னும் திட்டமான பதில் இல்லை. எங்கள் ஆயாவிடம் இருந்தது. "மாசமா இருக்கிறப்போ ஒட்டு வாழப்பழம் தின்னாதடின்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா உங்க அம்மா?" அம்மா இன்றுவரை அந்தப் பழத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

முகம் ஒன்றாக இருப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை சார். முகம் ஒன்று என்பதால் ஆளும் ஒன்றுதான் என்று ஊரே சௌகரியமாக முடிவு செய்துவிடுகிறதே, அதில்தான் கஷ்டம். வீட்டில் "ரெட்டைங்களா, சாப்பிட வாங்க!" தெருவில் "டேய் ரெட்டை!" பிறந்த நாளுக்கு ஒரே கேக். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். பி.காம். வகுப்பில் வங்கிக் கணக்கு வகைகளை நடத்தும்போது, 'இருவரில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்' என்கிற ஜாயின்ட் அக்கவுன்ட்டைப் பற்றி வாத்தியார் ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரை நான் குடியிருந்ததே அதில்தானே!

அஞ்சாவது படிக்கும்போது அண்ணன் வகுப்பு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். எந்த ரெட்டை உடைத்தது என்று விசாரித்து நேரத்தை வீணாக்க வாத்தியாருக்குப் பொறுமையில்லை. தலைக்கு நாலு அடி. அதே வருஷம் கட்டுரைப் போட்டியில் நான் ஜெயித்தேன். பிரேயரில் அண்ணன் பெயரை வாசித்தார்கள். அவனும் கூச்சப்படாமல் போய் வாங்கிக்கொண்டு வந்தான், எவர்சில்வர் டம்ளர். அடி வாங்கும்போது இருந்த பங்காளி நியாயம் டம்ளருக்கு வரவில்லை.

பள்ளிக்கூட பஸ் பாஸுக்கு போட்டோ எடுக்கப் போனோம். ஸ்டூடியோக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு சார் ரெண்டு பேரை எடுக்கணும்? ஒருத்தரை எடுத்து எட்டு காப்பி போட்டுடலாம். உங்களுக்கும் காசு மிச்சம்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். முன்னால் நின்றவன் அண்ணன். அவன்தான் ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் முகத்தைக் காட்டித்தான் நான் பஸ்ஸில் போனேன். ஒரு கண்டக்டராவது, "ஏம்ப்பா, இது நீயா?" என்று கேட்க வேண்டுமே! யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதற்கு நேர் எதிர் எங்கள் டெய்லர் பாய். தீபாவளிக்கு எங்களுக்கு ஒரே துணியில் சட்டை எடுப்பார்கள். அப்பா வழக்கம்போல, "ஒருத்தனுக்கு அளவெடுத்தாப் போதும் பாய், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே எங்களைப் பார்த்தார். "ஒண்ணு இல்ல சார். பெரியவருக்குக் கை அரை இஞ்ச் நீளம். சின்னவருக்கு எடது தோள் எறக்கம். ஒரே அளவுல தெச்சா ஒருத்தருக்குத்தான் சட்டை, இன்னொருத்தருக்கு உறை!" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டார். மேலே என் பெயர். கீழே என் கணக்கு. அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் பனியனைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். நிஜம்தான், இடது தோள் இறக்கம்! அதற்கு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

கோயில் திடலில் பாரதக் கூத்து பார்க்க ஆயா கூட்டிக்கொண்டு போகும். தர்மனுக்குத் தனி வருகை, பீமனுக்கு ஆர்ப்பாட்டம், அர்ச்சுனனைக் கேட்கவே வேண்டாம். கடைசி இரண்டு பேருக்கு மட்டும் ஒரே டிக்கெட், 'நகுல சகாதேவர்'! ஒருத்தன் குதிரையில் கெட்டிக்காரன், இன்னொருத்தன் ஜோசியத்தில் கெட்டிக்காரன். ஆனால் எவன் எது என்று திடீரென்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அதுவரை போவானேன்? எங்கள் இரண்டு பேருக்கும் வைத்ததே எதுகையாக வரும் ஜோடிப் பெயர்கள்தான். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வாயில் வந்துவிடும். யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்புவோம்.

ஜோடிப் பெயர் வைத்தும் தப்பித்தவர்கள் உண்டு. ஆர்க்காடு ராமசாமி முதலியார், லட்சுமணசாமி முதலியார் சகோதரர்கள். 1887-இல் கர்நூலில் பிறந்த இரட்டையர். பெயரைப் பாருங்கள், ராமர், லட்சுமணர்! புராணப்படி இளையவர் வில்லைத் தூக்கிக்கொண்டு மூத்தவர் பின்னாலேயே போயிருக்க வேண்டும். இருவரும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில்தான் படித்தார்கள். (நமக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் இருக்கிற அதே கல்லூரிதான். அப்போது ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. 1937-இல்தான் இந்தப் பக்கம் வந்தது.) அதற்கப்புறம் பாதை பிரிந்தது. மூத்தவர் வக்கீல், நீதிக்கட்சித் தலைவர், மைசூர் திவான். 1945-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். மறு வருஷம் ஐ.நா. பொருளாதார சமூக சபையின் முதல் தலைவர். இளையவர் பிரசவ டாக்டர். எத்தனையோ தலைமுறை மருத்துவ மாணவர்கள் புரட்டிய பிரசவப் பாடப் புத்தகம் எழுதியவர். 1942-லிருந்து 1969 வரை, இருபத்தேழு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1961-இல் டெல்லியில் நடந்த உலக சுகாதார சபைக்குத் தலைவர். அண்ணன் உலகப் பொருளாதாரம் என்றால் தம்பி உலக சுகாதாரம். இவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், சின்ன வயதில் இவர்களுக்கு யாரோ ஒரு டெய்லர் தனித்தனியாக அளவெடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ரெனே ஜாஸோ என்று ஒரு பிரெஞ்சு மனோதத்துவ நிபுணர். 1960-இல் இரட்டையரைப் பற்றியே பெரிய புத்தகம் போட்டார். ஒரே கரு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அப்படியும் குணம் இரண்டாக இருக்கிறதே, ஏன்? ஜோடியாக வாழ்வதே ஒரு காரணம் என்றார் அவர். புருஷன் பெண்சாதி வேலையைப் பிரித்துக்கொள்கிற மாதிரி இவர்களும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்கிறார்களாம். எங்கள் வீட்டில் பேசுகிற இலாகா அண்ணனுடையது. விருந்தாளி வந்தால் அவன் பதில் சொல்வான், நான் அவன் பின்னால் நிற்பேன். பேச்சு பூராவும் அங்கே செலவானதால்தான் எழுத்து எனக்கு மிச்சப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாவதில் எங்களைப் பிரித்து என்னை 'பி' செக்‌ஷனில் போட்டார்கள். இரண்டு நாள் அழுதேன், பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்தவன், "உன் பேர் என்னடா?" என்று கேட்டான். 'நீ மூத்தவனா, எளையவனா?' இல்லை. பேர்! எனக்குத் தெரிந்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். நாலாம் நாள் அம்மா, "புள்ளைங்க ஏங்கிப் போயிடுங்க சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி, என்னைத் திரும்ப 'ஏ'வில் சேர்த்துவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? அமெரிக்காவில்கூட இது பெரிய வழக்காடல். இரட்டையரைச் சேர்த்துப் போடுவதா, பிரித்துப் போடுவதா என்பதில் பெற்றோர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று மின்னசோட்டா மாநிலத்தில் 2005-இல் சட்டமே போட்டார்கள். பிள்ளைகளையும் கேட்டால் தேவலை. ஆனால் என்னை அன்றைக்கே கேட்டிருந்தால் அழுதுகொண்டே 'ஏ' என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதும் உண்மை.

கைரேகை மட்டும் ஆரம்பத்திலிருந்தே என் கட்சி. கரு ஒன்றானாலும் ரேகை ஒன்றாவதில்லை. வயிற்றுக்குள் படுத்திருக்கிற இடம், அழுத்தம் என்று சின்னச் சின்ன விஷயத்திலேயே கோடு மாறிவிடுகிறது. முகம் பார்த்துத் திறக்கிற ஐபோன் 2017-இல் வந்தபோது, இரட்டையர் விஷயத்தில் ஏமாற வாய்ப்பு அதிகம் என்று அந்தக் கம்பெனியே சொல்லிவிட்டது. என் போனை அண்ணன் ஜம்மென்று முகத்தைக் காட்டித் திறந்துவிடுவான். உடனே ரேகைக்கு மாற்றினேன். இப்போது விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, 'யாரோ அந்நியன்' என்கிறது. அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் தெருவில் இப்போது ஒரு ரெட்டை குடிவந்திருக்கிறது. யூ.கே.ஜி. படிக்கிற பெண் குழந்தைகள். ஒரே கவுன், ஒரே குடுமி, ஒரே ஸ்டிக்கர் பொட்டு. போன வாரம் ஒருத்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நான் யாரு சொல்லுங்க?" என்றாள். என்னையா! அனுபவஸ்தன் இல்லையா நான்? தைரியமாக ஒரு பேரைச் சொன்னேன். தப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. 'சரிதான், நீயுமா' என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கண்டக்டரை நான் பார்த்தது அது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் இருவரையும் வாசல்படியில் உட்காரவைத்து, டெய்லர் பாய் மாதிரி பார்த்தேன். அரை மணி ஆனது. ஒருத்தி கேள்வி கேட்பதற்கு முன்னால் மூக்கைச் சுருக்குகிறாள். மற்றவள் சுருக்குவதில்லை, கீழுதட்டைக் கடிக்கிறாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை அவர்களிடமே சொல்லித் தொலைத்தேன்.

நேற்று சாயங்காலம் கேட்டில் மறுபடி அதே கேள்வி. "அங்கிள், நான் யாரு?" நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.