வீட்டுத் தரை: வைனிலா, மரமா?



சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் கடற்பாலத்துக்கு அருகே மார்சிலிங் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே நிற்பவை அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் அது பால்மரக் காடு. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்பவரின் தோட்டம் அங்கே இருந்தது. சீனத்தில் அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயரே அந்த இடத்துக்கும் வந்தது. 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மரங்கள் நின்ற நிலத்தில் வீடுகளைக் கட்டியது. தோட்டப்புறத்திலிருந்து வேலை தேடி எல்லை தாண்டிய நம் பிள்ளைகள் சிலரும் அந்தப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

அப்படி வீடு வாங்கிய மகனோ மகளோ ஊருக்கு வரும்போது, கையில் இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்து, "அப்பா, தரைக்கு இதைப் போடலாமா, அதைப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் தேக்குப் பலகை போலவே இருக்கின்றன. ஒன்று வைனில், மற்றொன்று மரம். சேமித்து வைத்த பணம் ஒருமுறை தரை போடத்தான் போதும். தவறிவிட்டால் பெயர்த்துவிட்டு மறுபடி போட வழியில்லை. ஆகவே இன்று இதைச் சற்று நிதானமாகப் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் நம் பழக்கத்தை எண்ணிப் பார்ப்போம். லயத்து வீட்டில் சாணம் மெழுகிய மண் தரை இருந்தது. பிறகு சிமெண்டுத் தரை வந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவ நாம் பக்குவம் எதுவும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் வாளித் தண்ணீரை வீசி ஊற்றி, ஈர்க்குமாற்றால் தள்ளி, வாசல் வழியாக வெளியே விட்டோம். கடைக்காரர் தரையின் அழகைச் சொல்வார், விலையைச் சொல்வார். அந்த வீட்டில் தரையைக் கழுவப்போகிறவர் யார், எப்படிக் கழுவுவார் என்று அவர் கேட்பதில்லை. எங்கள் எண்ணத்தில் முதற்கேள்வி அதுதான்.

இப்போது கையிலுள்ள துண்டுகளைப் பார்ப்போம். துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள். மேல்முகம் ஏமாற்றும், பக்கவாட்டு உண்மை சொல்லும்.

"லக்சரி வைனில்" என்று விற்கப்படுவதில் மரம் ஒரு துளியும் இல்லை. அது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமோன் என்ற வேதியியலாளர் அந்த விறைத்த பொருளை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். 1933இல் சிகாகோ நகரத்துப் பொருட்காட்சியில் வைனில் தரையை மக்கள் பார்த்தார்கள். இன்றைய பலகையில் அடியில் பி.வி.சி. அடுக்கு இருக்கும். பல வகைகளில் அதோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து விறைப்பாக்கியிருப்பார்கள். கடையில் அதை எஸ்.பி.சி. என்பார்கள். அதன் மேல் தேக்கையோ ஓக் மரத்தையோ படம் பிடித்து அச்சடித்த மெல்லிய தாள். அந்தப் படத்துக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு தோல். பலகையின் மொத்தக் கனம் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த மேல்தோல்தான். அது 0.3 மில்லிமீட்டரா, 0.5 மில்லிமீட்டரா என்று கேளுங்கள். குழந்தைகளும் விருந்தினரும் வந்துபோகும் வீட்டுக்கு 0.5 நல்லது. மேல்தோல் தேய்ந்து படம் வெளிப்பட்டுவிட்டால் அதை இழைத்துப் புதுப்பிக்க முடியாது. பலகையை மாற்றத்தான் வேண்டும்.

"எஞ்சினியர்டு வுட்" என்பது அடுக்கு மரப்பலகை. மேலே உண்மையான மரத்தின் ஒரு சீவல். கீழே ஒட்டுப்பலகை அடுக்குகள். ஏன் இத்தனை அடுக்கு? மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும்; நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. ஓர் அடுக்கின் இழை நெடுக்கிலும் அடுத்ததன் இழை குறுக்கிலும் அமையும்படி ஒட்டினால், ஒன்று பருக்க முயலும்போது மற்றது இழுத்துப் பிடிக்கும். முழுமரப் பலகையைவிட இது அடக்கமாகக் கிடப்பதன் காரணம் இதுவே. மேல் சீவல் 0.6 மில்லிமீட்டரும் இருக்கலாம், 4 மில்லிமீட்டரும் இருக்கலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தேய்த்து இழைத்து மீண்டும் பூச்சிடலாம், தரை புதிதாகிவிடும். 0.6 மில்லிமீட்டர் சீவலை இழைத்தால் ஒட்டுப்பலகை வெளியே வந்துவிடும். மரவிலை கொடுத்துப் படவிலைப் பொருளை வாங்கிய கதையாக முடியும்.

இவ்விடத்தில் தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு செய்தி உண்டு. பால்மரம் ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்தபின் வெட்டப்படும். முன்பெல்லாம் அது விறகுதான். ரப்பர் தகடுகளுக்குப் புகைபோடும் கூடத்தில் எரிந்து தீரும். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். ஆகையால் தச்சர் அதைத் தொடமாட்டார். பின்னர் வெட்டிய கையோடு போரான் உப்புக் கரைசலைச் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை வந்தது. அதன்பின் அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. சில அடுக்கு மரப்பலகைகளின் உள்ளடுக்கும் பால்மரமே. நம் பாட்டனார் பால் வெட்டிய சாதி மரம் பேரப்பிள்ளையின் வீட்டில் தரையாகக் கிடக்கலாம்.

இனி வானிலைக்கு வருவோம். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல். விடியுமுன் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அறையில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடி, பகலெல்லாம் ஜன்னல் திறந்திருந்தால், மரம் தினமும் சற்றே மூச்சு வாங்கி மூச்சு விடும். அடுக்கு மரப்பலகை இதைத் தாங்கும். அது தாங்காதது தேங்கும் தண்ணீரை. ஈரம் பொருத்துவாயில் இறங்கினால் ஓரங்கள் கிண்ணம்போல் மேலெழும்பும், பூச்சு வெளுக்கும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாமே தவிர, வாளித் தண்ணீர் கூடாது.

வைனில் பலகை தண்ணீரைக் கண்டு அஞ்சாது. ஆனால் "வாட்டர்புரூப்" என்ற சொல்லை அளவோடு நம்புங்கள். பலகை நனையாது என்பதே அதன் பொருள்; பலகைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்காது என்பதன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் புது வைனில் தரை போட்டு, பழைய வழக்கப்படி வாராவாரம் வாளி ஊற்றிக் கழுவினார்கள். ஆறேழு மாதத்தில் கூடத்தில் ஒரு புழுங்கல் வாடை. பெயர்த்துப் பார்த்தால் மேலே பலகை பளபளக்கிறது. அடியில் சிமெண்டு முழுதும் கறுப்புப் பூஞ்சை. தரை போட்டவர், "தண்ணீர் படலாம்" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாராம். அந்த வீட்டுப் பாட்டி பல நாள் தம்மையே நொந்துகொண்டார். அவர்மேல் என்ன பிழை? ஐம்பது ஆண்டு செய்துவந்ததையே செய்தார்.

நம் வீட்டுக்கே உரிய சில வேலைகளும் உண்டு. கடையின் விளம்பரத் தாளில் இவற்றைக் காணமுடியாது. சாம்பிராணித் தட்டிலிருந்து ஒரு தணல் விழுந்தால் வைனில் உருகிக் குழியாகும். மரம் கருகும், ஆனால் சீவல் கனமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை வைனில்மேல் வைத்தால் வட்டமான தழும்பு நிலைத்துவிடும். குத்துவிளக்கின் அடியில் தாம்பாளம் இருந்தால் எண்ணெய்ச் சங்கடம் இரண்டுக்கும் இல்லை. மஞ்சள்தூள் கறை வெயில் படப்பட மங்கும். பதறி ஆசிட் ஊற்றவேண்டாம். கோலமாவு கல்மாவாக இருந்தால், மிதிபடும்போது உப்புத்தாள் போலப் பூச்சை அராவும். கோலத்தை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்வதே நலம்.

வேடிக்கையான ஒன்றையும் சொல்லவேண்டும். வைனில் தரைக்குப் பெரும்பகை ரப்பர்! அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் போட்டுவைத்தால், எடுக்கும்போது அந்த அளவுக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை நிற்கும். ரப்பர் சீக்கிரம் கெடாதிருக்க அதில் சேர்க்கும் வேதிப்பொருள் வைனிலுக்குள் ஊறிவிடுகிறது. அது அழுக்கன்று, ஆகவே எதனாலும் துடைக்க முடியாது. துணி மிதியடி போடுங்கள்; நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

மார்சிலிங் போன்ற பழைய பேட்டைகளில் வீடு வாங்குவோர் அடித்தரையையும் பார்க்கவேண்டும். அக்காலத்தில் பல நாடுகளில் செய்யப்பட்ட வைனில் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. சிங்கப்பூரில் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு 1989இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வைனில் ஓடு வீட்டில் கிடந்தால், நீங்களே உளிவைத்துப் பெயர்க்கவோ இயந்திரத்தால் தேய்க்கவோ வேண்டாம். அசையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்துத் தூளாக்கினால் அந்த நார் நுரையீரலுக்குள் போகும். தெரிந்தவரிடம் சோதித்த பிறகே கைவைக்கவேண்டும். சிமெண்டுத் தரையானால் ஈரம் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ, எந்தப் பலகைக்கும் அந்தத் தரை இன்னும் ஆயத்தமாகவில்லை.

கழக வீடுகளில் தரைப்பொருளும் அடியிலுள்ள சிமெண்டுக் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்பது விதி; கட்டடம் தாங்கும் பாரத்தை ஒட்டியது. பழைய ஓட்டின்மேல் ஓடு, அதன்மேல் பலகை என்று அடுக்கிக்கொண்டே போக முடியாது. தரை ஓட்டைப் பெயர்க்கும் இரைச்சல் வேலையை வார நாட்களில் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில்தான் செய்யலாம். வேலைக்கு லீவு போட்டு மேற்பார்ப்பவர் அந்தச் சம்பள இழப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கணக்கு என்றதும் விலை. அடுக்கு மரம் பொதுவாக வைனிலைவிட விலை கூடியது. போடும் கூலியும் கூட. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டிக் கழிவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 132. ஆனால் ஒரு சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று சொல்லும்போது, மேடுபள்ளம் சமப்படுத்துவது, சுவரோரப் பட்டி, பழையதை அகற்றுவது எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கதவையும் மறக்கவேண்டாம். 14 மில்லிமீட்டர் மரமும் 3 மில்லிமீட்டர் அடிவிரிப்பும் சேர்ந்தால் தரை 17 மில்லிமீட்டர் உயரும். எல்லா அறைக் கதவின் அடியையும் சீவவேண்டி வரும். 5 மில்லிமீட்டர் வைனிலுக்குப் பெரும்பாலும் அந்தச் செலவு இல்லை.

மரத்தரை முப்பது ஆண்டு உழைக்கும் என்பார்கள். உழைக்கட்டும், அந்த வீட்டில் முப்பது ஆண்டு இருப்போமா என்பதையும் எண்ணவேண்டும். 1970களில் கட்டிய வீட்டுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிட்டது. 2022 மே மாதத்தில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவாக்குவதற்காக மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேன் பகுதியில் ஒன்பது புளோக்குகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிப்பு வந்தது. மாற்று வீட்டுக்கு வழிசெய்தார்கள்; ஆனால் சுவரோடும் தரையோடும் போட்ட செலவை யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

இத்தனையும் பார்த்தபின் எங்கள் கருத்தைக் கேட்டால், பெரியவர்களும் சிறு குழந்தைகளும் இருந்து, தினமும் ஈரத்துணி புழங்கும் வீட்டுக்கு, கூடத்திலும் அறைகளிலும் கனத்த மேல்தோல் உள்ள வைனில் போதும். சமையலறைக்குப் பழைய ஓடே சரி. வீட்டில் ஆள் குறைவு, பிழிந்து துடைக்கும் பொறுமை உண்டு, நெடுநாள் அங்கேயே இருக்கும் எண்ணம் உண்டு என்றால், 3 மில்லிமீட்டர் சீவல் உள்ள மரத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. வெறும் மினுமினுப்புக்காக மெல்லிய சீவல் மரம் வாங்குவதை மட்டும் நாங்கள் ஒப்பமாட்டோம். பழைய மொசைக் தரை வெடிப்பில்லாமல் இருந்தால், அதை மெருகேற்றிவிட்டுப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொண்டாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

எதைப் போட்டாலும் சுவரோரத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று, பட்டி அடிக்குமுன் குனிந்து பாருங்கள். வெயிலில் பலகை விரியும்போது ஒதுங்க இடம் இல்லையென்றால் நடுவில் கூடாரம்போல் எழும்பிவிடும். வேலை முடிந்ததும் மீந்த பலகைகளில் ஐந்தாறை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒரு பலகை கெட்டால், அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.