டெலஸ்கோப் அப்புறம் வாங்கலாம்... முதல்ல மொட்டை மாடிக்கு வாங்க!

'675 மடங்கு பெரிதாகத் தெரியும்'னு ஆன்லைன்ல ஒரு டெலஸ்கோப் ஆஃபர்ல வருது. ஆர்டர் போடலாமானு யோசிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. நீங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம்னா, காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒண்ணு ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. அது, உங்க ஊர் இருக்கிற இடம்!

ரெண்டு பக்க வானமும் நம்மளுது!

இந்த ரெண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கின்றன. கையை நேரா நீட்டி, விரல்களை மடக்குங்க. அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. வடக்கே அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். மே மாதம் இரவு 9 மணி வாக்கில் தெற்கே திரும்பினா, ரெண்டு முஷ்டி உயரத்தில் 'தெற்குச் சிலுவை'. டெல்லிவாசிகளுக்கு இந்தச் சிலுவை முழுசா தெரியவே தெரியாது.

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டதில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986-ல் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது.

'675 மடங்கு' ஏன் வேலைக்கு ஆகாது?

மழைத் தண்ணி பிடிக்க அகலமான அண்டாவைத்தானே வைப்போம்? தொலைநோக்கியும் அப்படித்தான். முன்பக்க லென்ஸ் எவ்வளவு அகலமோ, அவ்வளவு ஒளி கிடைக்கும். லென்ஸின் மில்லிமீட்டர் அளவை ரெண்டால பெருக்குங்க. 60 மி.மீ லென்ஸ்னா 120 மடங்குதான் உருப்படியான எல்லை. அதுக்கு மேல போனா உருவம் பெருசாகும். ஆனா மங்கலா, கலங்கலாத் தெரியும். கடைசியில பரண்ல தூங்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

* அமாவாசையை ஒட்டி, மேகமில்லாத இரவைத் தேர்ந்தெடுங்க.
* கண் இருட்டுக்குப் பழக 20-30 நிமிடங்கள் ஆகும். அதுவரை போனைத் தொடாதீங்க. ஸ்டெல்லேரியம் மாதிரியான ஆப் தேவைன்னா, சிவப்பு 'நைட் மோடு'ல வைங்க.
* கருவி வேணும்னா, முதல்ல 10×50 பைனாகுலர். சுவரில் சாய்ச்சு ஆடாமப் பிடிச்சா, வியாழனின் நிலவுகள் புள்ளிகளாத் தெரியும். அதை வெச்சு சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க, பார்வையே போயிடும்.
* காவலூருக்குப் போறதுக்கு முன்னாடி, இந்திய வானியற்பியல் மையத்தின் இணையதளத்தில் பார்வையாளர் நேரத்தைப் பார்த்துக்கோங்க.

இடம் எங்கேயும் போயிடாது. ஆனா, இருட்டு போயிடும். வானத்தைப் பார்த்து எரியும் ஒவ்வொரு ஃபோகஸ் லைட்டும் நட்சத்திரங்களை அழிக்குது. உங்க வீட்டு வாசல் விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பி வைங்க. கரன்ட் பில் ஏறாது. அடுத்த தெரு பசங்களுக்கும் வானம் மிஞ்சும்!