நடந்ததற்கும் அபராதம்!

எல்லோரும் மீறுகிற ஒரு சட்டம் யாரைத் தண்டிக்கும்? உரிய இடத்தில் அல்லாமல் சாலையைக் குறுக்கே கடப்பது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குற்றம். அங்கும் அதைச் செய்யாதவர் அரிது. எனவே, யாரை நிறுத்துவது, யாரைக் கண்டும் காணாமல் விடுவது என்பதைத் தீர்மானிப்பது சட்டம் அல்ல. தெருமுனையில் நிற்கும் காவலர்.

மிசௌரி மாகாணத்தின் ஃபெர்குசன் நகரில் 2014 ஆகஸ்ட் 9 அன்று, நடுச்சாலையில் நடந்து சென்ற மைக்கேல் பிரௌன் என்ற 18 வயது கருப்பின இளைஞரையும் அவருடைய நண்பரையும் ஓரமாகச் செல்லுமாறு காவலர் ஒருவர் கூறினார். அதில் தொடங்கிய மோதல், அந்த இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதில் முடிந்தது. காவலர் மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க நீதித் துறை கூறிவிட்டது. ஆனால், அதே நீதித் துறை 2015 மார்ச்சில் அந்நகரக் காவல் துறை குறித்து வெளியிட்ட மற்றோர் அறிக்கை கவனத்துக்குரியது.

நகரின் மக்கள்தொகையில் கருப்பினத்தவர் 67%. 'சாலையில் நடந்த விதம்' என்ற குற்றத்துக்காக (ஆம், குற்றத்தின் பெயரே அதுதான்!) 2011 முதல் 2013 வரை பதிவான வழக்குகளிலோ அவர்களின் பங்கு 95%. இந்த ஒரு குற்றத்துக்கு 302 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதும் உண்டு. கட்டத் தவறினால் பிடிவாரண்ட்.

பொருளாதாரம் கற்பித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அபராதம் தவறைக் குறைப்பதற்கான கருவி என்பது பாடநூல் இலக்கணம். ஃபெர்குசனில் அது வருவாய் இனம். அபராதச் சீட்டுகள் கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று நகர நிதி அதிகாரி 2010-இல் காவல் துறைத் தலைவருக்கே எழுதினார். 2015 நிதியாண்டில் எதிர்பார்க்கப்பட்ட சுமார் 1.33 கோடி டாலர் பொது வருவாயில் 30 லட்சம் டாலருக்கு மேல் அபராதங்கள், கட்டணங்கள் மூலம் வரவேண்டியது. விருப்புரிமையோடு வசூல் நெருக்கடியும் சேர்ந்தால், வழக்குரைஞரை அமர்த்த வசதியுள்ளவரைக் காவலர் ஏன் நிறுத்தப்போகிறார்?

விபத்தைத் தடுக்கத்தானே இச்சட்டம் என்று கேட்கலாம். ஆள் பார்த்து விதிக்கப்படும் அபராதத்தால் மற்றவர்கள் எச்சரிக்கை அடைவதில்லை. வழக்கம்போல் கடந்து போகிறார்கள்.

நியூயார்க் நகரம் 2024-இல் இக்குற்றத்தையே நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கு அபராதச் சீட்டு பெற்றவர்களில் 92% பேர் கருப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். கலிஃபோர்னியா வேறு வழியில் சென்றது. வாகனம் மோதும் உடனடி ஆபத்து இருப்பதைக் கவனமுள்ள எவரும் உணரக்கூடிய நிலையில் மட்டுமே பாதசாரியைக் காவலர் நிறுத்தலாம் என்று 2023 ஜனவரி முதல் அங்கு சட்டம். விருப்புரிமை அங்கும் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால், மோத வந்த வாகனம் எது என்ற கேள்வியைக் காவலரிடம் இனிக் கேட்க முடியும்.