கல்முனை முழுவதையும் ஆராய முடியாது
ஆய்வு முன்மொழிவு எழுதும் இறுதியாண்டு மாணவர்களுக்கு

ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்று கிடக்கிறது. வடக்கே கடல் கரையைத் தின்றிருக்கிறது. தென்னைகள் நின்ற காணிகள் தண்ணீருக்குள் போய்விட்டன. டென்மார்க் நாட்டுக் கடனில் 2008இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் இது. அதன் வாயிலையும் மணல் அடைத்தது. படகுகள் உள்ளே வர முடியாமல் மீனவர்கள் தவித்த செய்திகளை நாம் பல வருடங்களாகப் படித்துவருகிறோம்.

இந்தத் துறைமுகம் இருக்கும் அதே ஒலுவிலில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. அங்கும் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் படிக்கும் நம் கரையோரப் பிள்ளைகள் இறுதியாண்டில் ஓர் ஆய்வு முன்மொழிவு எழுதியாக வேண்டும். துறைமுகத்தை எடுத்துக்கொள்ளும் மாணவர் பெரும்பாலும் எழுதிக்கொண்டு வரும் தலைப்பு இப்படி இருக்கும்: ‘துறைமுகத்தால் ஏற்பட்ட சமூக, பொருளாதார, சூழலியல் பாதிப்புகள்: ஒலுவில் பிரதேசத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வு.’

இந்தத் தலைப்பில் ஒரு கேள்வி கூட இல்லை. சமூகம், பொருளாதாரம், சூழல் என்று மூன்று துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாழ்நாள் வேலை. மாணவரின் கையில் இருப்பதோ சில மாதங்கள். முன்மொழிவு மேற்பார்வையாளரிடமிருந்து சிவப்பு மையோடு திரும்பி வரும்போது பிள்ளைகள் மொழியைத் திருத்துகிறார்கள், பக்க ஓரங்களைச் சரிசெய்கிறார்கள். பிழை அங்கே இல்லை. வேலை தொடங்குமுன் வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டதுதான் பிழை.

ஒரு துறைமுகம், மூன்று கேள்விகள்

அந்தத் தலைப்பையே வெட்டிப் பார்ப்போம்.

புவியியல் மாணவி இப்படிக் கேட்கலாம்: 2013க்குப் பின்னர் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ஒரு கிலோமீட்டர் நீளத்தில் கரைக்கோடு எத்தனை மீட்டர் பின்வாங்கியிருக்கிறது? சமூகவியல் மாணவர் வேறு விதமாகக் கேட்கலாம்: கரைவலை வளைத்த பாடுகளில் எவை இல்லாமல் போயின, அந்த வலைக்காரர்கள் இப்போது எங்கே, என்ன தொழில் செய்கிறார்கள்? காணி, சட்டம் பற்றி எழுத நினைப்பவருக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: உறுதி கையில் இருந்தும் நிலம் கடலுக்குள் போன குடும்பங்கள் எந்த அலுவலகத்தில், எந்தப் பத்திரத்தோடு நியாயம் கேட்டார்கள்?

மூன்றும் ஒரே கல்லணையிலிருந்து பிறந்தவை. ஆனால் முதலாவதுக்கு வேண்டியது செய்மதிப் படம், இரண்டாவதுக்குக் கடற்கரை வாடியில் உட்கார்ந்து பேசும் பொறுமை, மூன்றாவதுக்குக் கோப்புகள். கேள்வியை முடிவுசெய்துவிட்டால் எங்கே போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரியவரும். முன்மொழிவில் ‘ஆய்வு முறை’ என்ற பகுதியில் முட்டி நிற்கும் மாணவர்களில் பலருக்கு உண்மையில் முறை தெரியாமல் இல்லை. கேள்விதான் இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி கிடைத்ததும் அதற்குரிய சான்று அந்தக் கேள்வியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். லாண்ட்சாட் செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; 1980களின் நடுப்பகுதியிலிருந்தே நம் கரையைப் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். வருடத்துக்கு ஐந்து மீட்டர் அரிப்பு நடந்தால், ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2015க்குப் பிறகு வந்த சென்டினல்-2 படங்களில் புள்ளி 10 மீட்டர். ஆகவே மாணவி தன் கேள்வியைப் பத்து வருட மாற்றமாக அமைத்தால் சான்று தாங்கும். வருடாந்த மாற்றமாக அமைத்தால் தாங்காது. இதை முன்மொழிவு எழுதும்போதே பார்த்துவிட்டால் நான்கு மாத உழைப்பு மிஞ்சும்.

‘இதுவரை யாரும் ஆராயவில்லை’

முன்மொழிவுகளில் மிக அதிகமாகக் காணப்படும் வாக்கியம் இது. எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்க வேண்டும்.

ஒலுவிலில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒலுவிலைப் பற்றிய நூல்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையில் 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது இதே கதைதான் நடந்தது. கரைக்குச் சாய்வாக வரும் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. குறுக்கே கல்லணை வந்ததும் தெற்கில் மணல் தேங்கி மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றதால் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. இதைப் படித்த மாணவி ‘அரிப்பு ஏன் நடக்கிறது’ என்று தொடங்க மாட்டாள். காரணம் தெரிந்த இடத்திலிருந்து அடுத்த படிக்குப் போவாள். இலக்கிய மீளாய்வு என்பதன் பயன் அதுதான். ஐம்பது பெயர்களை அடுக்குவது அல்ல.

நம் ஊர்களைப் பற்றி எழுதப்பட்டவையும் குறைவில்லை. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். குடி வழமை, தாய்வழி, சீதன வீடு, தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் விதம் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் மொழி, இலக்கியம், முஸ்லிம் அடையாளம் பற்றி எழுதியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இவர்களைத் தேடாமல் ‘யாரும் ஆராயவில்லை’ என்று எழுதுவது நம் ஊருக்கே செய்யும் அநியாயம்.

உண்மையான இடைவெளி இருந்தால் அது கண்ணில் படும். பாணந்துறையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ் முதுகலைப் பட்டத்துக்கு ‘தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு’ என்ற பொருளை எடுத்தபோது அப்படியொரு இடைவெளி இருந்தது. சீறாப்புராணத்துக்கு அப்பால் எத்தனை காப்பியங்கள், எத்தனை முனாஜாத்துகள், எத்தனை படைப்போர்கள் கிடந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கே அப்போது இருக்கவில்லை. 1953இல் நூலாக வந்த அந்த ஆய்வின் வழியில்தான் பின்னர் பல்கலைக்கழகங்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற துறையை வளர்த்தன.

இடைவெளி பெரிதாக இருந்தாலும் கேள்வி சிறிதாகவே தொடங்கலாம். கல்முனையிலிருந்து நடந்தே போகக்கூடிய காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. ஒரு பெருங்கடல் போன்ற நூல். அது தொடங்கியதோ சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிச் சொல்லும் சில அடிகளுக்குச் சரியான பொருள் என்ன என்ற தேடலில். தமிழர் இசை முழுவதையும் ஆராயப்போகிறேன் என்று அவர் புறப்படவில்லை.

வீட்டுத் தலைவர் யார்?

வினாக்கொத்துக்கு வருவோம். இங்கேதான் மாணவர்கள் அதிகம் நகல் எடுக்கிறார்கள். வேறு ஊரில், வேறு நாட்டில் தயாரான வினாக்கொத்தை இறக்கி, மொழிபெயர்த்து, ஊர்ப் பெயரை மாற்றிவிடுகிறார்கள். அதன் முதல் வினாவே பெரும்பாலும் ‘குடும்பத் தலைவரின் பெயர்’ என்றிருக்கும்.

மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வீடு யாருடையது? பெண்ணுடையது. உம்மா வாப்பா பாடுபட்டு மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. அதன் பின் கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். நெருக்கமாக வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் 200 மீட்டர் என்றால் பல தெருக்கள். உதவி வீடுகள் வந்தபோது ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. பல இடங்களில் உறுதியும் அந்தப் பெயருக்கே போனது. தலைமுறை தலைமுறையாகப் பெண் வழி வந்த வீடு ஒரு படிவத்தின் ஒரே கட்டத்தால் கைமாறியது. மெக்கில்வ்ரே உட்படச் சில ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஒரு வினா அப்பாவியானது அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். வினாக்கொத்தை எழுதி முடித்ததும் உங்கள் ராத்தாவிடமோ பக்கத்து வீட்டு மூத்தம்மாவிடமோ வாசித்துக் காட்டுங்கள். எந்த வினாவில் அவர் முகம் சுருங்குகிறதோ அதைத் திருத்துங்கள். ஐந்தாறு பேரிடம் இப்படிச் செய்துபார்ப்பதைத்தான் முன்னோடி ஆய்வு என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் படிவத்தோடு வந்தவர்கள் எண்ணற்றவர்கள். பிள்ளையை இழந்த தாய் அதே கதையை ஒவ்வொரு முறையும் சொன்னார். எழுதிக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. அந்த வாசலில் நீங்கள் போய் நிற்கும்போது எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளிவருமா, வேண்டாமென்றால் விட்டுவிடலாமா என்பதையெல்லாம் முதலில் சொல்லுங்கள். முன்மொழிவில் ‘ஆய்வு ஒழுக்கம்’ என்று ஒரு பத்தி எழுதுகிறோமே, அதன் பொருள் இதுதான்.

எண்ணிக்கையும் எல்லையும்

‘மாதிரி எண்ணிக்கை 384’ என்று எழுதாத முகாமைத்துவ மாணவர் அரிது. 1970இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது அந்த எண். ஆயிரம் பேர் உள்ள தொகுதிக்கு 278, பத்து இலட்சத்துக்கு 384 என்று அது சொல்கிறது. ஆனால் எழுமாற்றாக எடுத்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். வட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை அனுப்பி, நிரப்பித் தந்த 384 நண்பர்களுக்கு அந்த அட்டவணை எந்த உத்தரவாதமும் தராது. அதைவிட, ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பட்டியலை வைத்து ஒழுங்காகத் தெரிவுசெய்த 60 வீடுகள் மேல். ஆழமாகப் பேசிய 15 கரைவலைக்காரர்கள் சில கேள்விகளுக்கு அதைவிடவும் மேல்.

‘கல்முனை’ என்று எழுதும்போது எந்தக் கல்முனை என்று சொல்லுங்கள். மாநகர சபை எல்லைக்குள் சாய்ந்தமருது இருக்கிறது. பிரதேச செயலகப் பிரிவு என்று பார்த்தால் சாய்ந்தமருது தனி. ஒரு அத்தியாயத்தில் மாநகர சபையின் குப்பைக் கணக்கையும் அடுத்ததில் பிரதேச செயலகத்தின் குடும்ப எண்ணிக்கையையும் போட்டு வகுத்தால் விடை பிழை. குடிசன மதிப்பீட்டிலும் கவனம் வேண்டும்: 2001ஆம் ஆண்டுக் கணக்கு சுனாமிக்கு முந்தியது, 2012ஆம் ஆண்டுக் கணக்கு பிந்தியது. இரண்டுக்கும் இடையே தெருக்களே இடம் மாறியிருக்கின்றன.

ஊரின் நாட்காட்டி

கால அட்டவணையை எல்லோரும் கடைசியில், அவசரமாக, அழகான கட்டங்களாகப் போடுகிறார்கள். ‘தரவு சேகரிப்பு: டிசம்பர் – ஜனவரி.’ டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். வயல் வெளிகளில் வெள்ளம் நிற்கும், கடல் கொந்தளிக்கும், கரைவலை வளைக்க ஆளிருக்காது. விவசாயிகளைக் காண வேண்டுமென்றால் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் அவர்கள் வயலில் இருப்பார்கள். உட்கார்ந்து பேச நேரமிருக்காது. நோன்பு வருடந்தோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வருகிறது. 2026இல் அது அதே பெப்ரவரி – மார்ச்சில் விழுகிறது. நோன்பு நாளில் பகல் இரண்டு மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி நாற்பது வினாக்கள் கேட்பது முறையல்ல. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மருதமுனை நெசவாளர்களுக்கும் கல்முனைக் கடைக்காரர்களுக்கும் வேலை தலைக்கு மேல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை எந்த ஊரிலும் ஆண்களைப் பிடிக்க முடியாது.

ஆகவே பல்கலைக்கழகத்தின் கெடு நாட்களை ஒரு வரிசையிலும், மழை, போகம், நோன்பு, கடல் ஆகியவற்றை அதன் கீழே இன்னொரு வரிசையிலும் எழுதுங்கள். இரண்டும் மோதாத வாரங்களே உங்கள் கள வாரங்கள். அவை எட்டுத்தான் என்றால், எட்டு வாரத்தில் முடியும் கேள்வியாக உங்கள் கேள்வியைக் குறையுங்கள். பஸ் காசு, போட்டோப்பிரதி, ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யும் நேரம் ஆகியவற்றையும் இதே தாளில் கணக்கிடலாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் வேண்டும்.

முன்மொழிவை முழுதாக எழுதுவதற்கு முன் ஒரு பக்கத்தில் நான்கு விடைகளை எழுதி மேற்பார்வையாளரிடம் போங்கள்: என் கேள்வி என்ன, யாரிடம் அல்லது எதனிடம் விடை இருக்கிறது, எப்படி அதை எடுப்பேன், எந்த வாரங்களில். ஒரு பக்கத்தில் சொல்ல முடியாததை முப்பது பக்கத்திலும் சொல்ல முடியாது.

விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். போன வருடத் தலைப்பு ஊர்ப் பெயர் மட்டும் மாறி இந்த வருடம் வருவதற்கு மாணவரின் சோம்பல் மட்டும் காரணமில்லை. முடிந்த ஆய்வேடுகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன. பின்னால் வருபவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த ஊரின் பொது நூலகத்தில் வைக்கச் செய்யுங்கள். மாணவர்களே, விடை சொன்னவர்களிடம் ஒரு நாள் திரும்பிப் போய், என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை அவர்களின் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். அந்த நாளையும் இப்போதே கால அட்டவணையில் குறித்துவையுங்கள்.