புது எஞ்சினில் 'கடகட' சத்தமா? தலையாட்டுமுன் புல்லியைப் பாருங்க!

சென்னை:
அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் பழைய வண்டியை விட மனசில்லாமல், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை ரீபோர் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்த சில நாளிலேயே முன்பக்கம் 'கடகட' சத்தம். கீழே ஆயில் சொட்டு. "கிராங்க் போச்சு, மறுபடி எஞ்சினை இறக்கணும்" என்பார் மெக்கானிக். உடனே பணத்தை எடுத்து விடாதீர்கள்!

முதல் சோதனை

பேன்பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். சத்தம் நின்றால் சந்தேகம் டைனமோ, வாட்டர் பம்ப் மீது. நிற்கவில்லை, புல்லியும் கோணலாகச் சுற்றுகிறதா? எஞ்சினை அணைத்து, புல்லியைக் கையால் ஆட்டுங்கள். கிராங்க் அசையாமல் புல்லி மட்டும் ஆடினால், போல்ட் தளர்ந்து சாவி தேய்ந்திருக்கிறது. பிக்-எண்ட் அடிப்பது போலவே இது சத்தம் போடும்!

அடுத்து, ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். புல்லி முன்னும் பின்னும் நன்றாக நகர்ந்தால் திரஸ்ட் வாஷர் தேய்மானம். அப்போது செலவு நிஜம்தான்.

ஆயில் ஏன்?

டைமிங் கவரை முதலில் முறுக்கிவிட்டுப் புல்லியைத் திணித்தால் சீல் ஒருபக்கம் தேயும். போல்ட்டை லூசாக விட்டு, புல்லியை நுழைத்து, சீல் நடுவில் அமர்ந்த பிறகே முறுக்க வேண்டும். உள்ளே ஆயில் தட்டு திருப்பிப் போடப்பட்டால் கவரை உரசும்.

புல்லிக் கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. கழற்றிய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேய்ந்த இடமே உண்மையைச் சொல்லும்!