அருவியும் கோபுரமும் படத்தில் விழும் அழகு!
குற்றாலச் சாரலில் காமிராவுடன் ஓர் உலா

ஆனி மாதம் பிறந்தால் போதும். "குற்றாலத்தில் சாரல் விழுகிறதா?" என்று தமிழ்நாடு முழுவதும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

முன்பெல்லாம் குற்றாலம் போகிறவர்கள் எண்ணெயும் துண்டும் எடுத்துப் போவார்கள். இப்போது கூடவே காமிராவும் போகிறது. செல்போனிலேயே காமிரா இருப்பதால், ஒரு குடும்பம் போனால் நாலைந்து காமிராக்கள் போகின்றன!

ஆனால் ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றம். அருவி மங்கலாக இருக்கிறது. கோபுரத்தின் உச்சியைக் காணோம். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

காரணம் என்ன? காமிராவின் விலை குறைவு என்பதா? இல்லை. நின்ற இடமும் எடுத்த நேரமும்தான் காரணம்.

இருட்டுப் பெட்டி

இந்த மலையடிவாரத்துக்குப் படப் பெட்டி வந்தது இன்று நேற்று அல்ல. போட்டோ என்ற ஒன்று உலகில் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது!

1792-ம் ஆண்டில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். தாமஸ் சித்தப்பா முறை. வில்லியம் அவர் வளர்த்த அண்ணன் மகன். அவர்கள் இந்தியப் பயணத்தில் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். அது ஓர் இருட்டுப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் கண்ணாடி வில்லை இருக்கும். வெளியே உள்ள காட்சி அதன் வழியாகப் பெட்டிக்குள் விழும். அந்த நிழலின் மேல் பென்சிலால் கோடு இழுத்துப் படம் வரைவார்கள்.

குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில் உள்ள பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்தார்கள். பின்னர் லண்டனில் வெளியிட்ட படத் தொகுதியில் அந்த அருவியும் இடம் பெற்றது. கடல் தாண்டி வராத வெள்ளைக்காரர்களும் தாமிரபரணி விழும் அழகைக் கண்டார்கள்.

ஒளியைக் கொண்டு படம் பிடிக்கும் முறை பிரான்ஸ் நாட்டில் அறிவிக்கப்பட்டது 1839-ம் ஆண்டில்தான். அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே நம் அருவிக்குப் படம் எடுத்தாகிவிட்டது!

அந்தப் பெட்டியோடு ஓடவும் முடியாது; துள்ளவும் முடியாது. ஓர் இடத்தில் உட்கார்ந்து, பொறுமையாக வரைய வேண்டும். அந்தப் பொறுமைதான் இன்று நம்மிடம் குறைந்துவிட்டது.

சாரல் வரும் வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல நிற்கிறது. தென்மேற்குப் பருவ மழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு அருகில், அந்தச் சுவரில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகக் குளிர்ந்த காற்றும் மேகமும் இந்தப் பக்கம் நுழைகின்றன. அதுதான் சாரல்!

மேகம் மூடிய நேரம் படம் எடுக்க ஏற்றதா? மிகவும் ஏற்றது. உச்சி வெயிலில் அருவியின் வெண்மை கண்ணைக் கூசும். படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். மேகம் மூடினால் வெளிச்சம் மென்மையாகப் பரவும். பாறையின் கருமை தெரியும். தண்ணீரின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

ஆனால் சாரல் காமிராவின் கண்ணிலும் விழுமே? மெல்லிய பருத்தித் துணி ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் துடையுங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்துக்கொண்டால் கை ஆடாது.

எட்ட நின்றால் எழில்

பேரருவி நேராகத் தரைக்கு வந்துவிடுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகே கீழே இறங்குகிறது. அடியில் நின்று எடுத்தால் இந்த அழகு படத்தில் வராது. தலைகளும் தண்ணீரும்தான் வரும். எட்டிப் போங்கள். மலை முகடு, பொங்குமாகடல், கீழே எறும்பு போல மனிதர்கள், எல்லாம் சேர்ந்து விழட்டும். அப்போதுதான் அருவி எவ்வளவு பெரியது என்பது படம் பார்ப்பவருக்குப் புரியும்.

எட்ட நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உயிர்!

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி, பழைய குற்றாலம் அருவியில் பலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்தது. அலறி அடித்து ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் இழுத்துச் சென்றது. பிறகு அவனைப் பிணமாகத்தான் மீட்க முடிந்தது.

வெள்ளம் ஏன் சொல்லாமல் வருகிறது? மழை பெய்வது மலை உச்சியில். நாம் நிற்பது அடிவாரத்தில். இங்கே வானம் வெளுத்திருக்கும், அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, "இன்னும் ஒரே ஒரு படம்" என்று நிற்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தத் தடை படம் எடுப்பவருக்கும் சேர்த்துத்தான்!

மொட்டைக் கோபுரம்

நியூயார்க் நகரத்தை எப்படி அடையாளம் காண்கிறோம்? வானத்தை முட்டும் கட்டிடங்களைக் கொண்டு. தென்காசிக்கு அந்த வரிசை தேவையில்லை. ஒரே ஒரு கோபுரம் போதும்.

காசி விசுவநாதர் கோவிலை 15-ம் நூற்றாண்டில் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். கோவிலின் ராஜகோபுரம் 1924-ம் ஆண்டில் சேதம் அடைந்தது. அதன் பிறகு 66 ஆண்டுகள் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. தாத்தா பார்த்ததும் மொட்டைக் கோபுரம். பேரன் பார்த்ததும் மொட்டைக் கோபுரம்!

பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் 9 நிலைகளோடு கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990-ம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தது. இன்று சுமார் 180 அடி உயரத்தில் ஊருக்கே அடையாளமாக நிற்கிறது.

இந்தக் கோபுரம் கிழக்குப் பார்த்தது. மலையோ மேற்கே இருக்கிறது. ஆகவே காலையில், ஊருக்குக் கிழக்கே நின்று எடுங்கள். இளவெயில் கோபுரத்தின் முகத்தில் விழும். பின்னால் நீல மலை திரை கட்டியது போல நிற்கும். மாலையில் அதே இடத்தில் எடுத்தால், சூரியன் எதிரே இருப்பதால் கோபுரம் கருநிழலாக விழும். அதுவும் ஓர் அழகுதான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1990-க்கு முன் தென்காசியில் எடுத்த குடும்பப் படம் ஏதாவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள். பாட்டிக்குப் பின்னால் மொட்டைக் கோபுரம் தெரியலாம். அது வெறும் குடும்பப் படம் அல்ல, ஊரின் சரித்திரம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஆண்டையும் பெயரையும் பின்புறம் எழுதி வையுங்கள்.

இரண்டு கடல்களின் எல்லை

தென்காசியிலிருந்து மேற்கே செங்கோட்டை. 1956-ம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரியும் வரை செங்கோட்டை மலையாள நாட்டோடு இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது.

மனிதன் போட்ட எல்லை இது. இயற்கை போட்ட எல்லையும் இங்கே உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் மழை நீர் கல்லடையாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் ஓடும் நீர் சிற்றாறாகி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஒரே மலையின் மழை. சேருவதோ இரண்டு கடல்!

இந்த எல்லையைக் கண் நிறையப் பார்க்க வேண்டுமானால் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோவிலுக்குப் போங்கள். குன்றின் மேல் நின்றால் கீழே தென்னந்தோப்பு, வயல், குளம். எதிரே கேரளத்து மலை.

மலையைக் குடைந்து போகும் ரயில் பாதை 1904-ல் வந்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ல் ரயில் நின்றது. 2018-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டியில் உள்ள பதிமூன்று கண் பாலத்தைச் சாலை ஓரத்தில் நின்றே படம் எடுக்கலாம். தண்டவாளத்தில் ஏறி நிற்காதீர்கள். அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

பூவும் ஒரு பயிர்

சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி, சுரண்டை பக்கம் ஆடி மாதத்தில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். 'ரோஜா' படம் 1992-ல் வெளிவந்த பிறகு சுந்தரபாண்டியபுரம் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த ஊராகிவிட்டது. பூ பார்க்கக் கேரளத்திலிருந்தும் கூட்டம் வருகிறது.

நன்றாக மலர்ந்த சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும். காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால், வயல் முழுவதும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்!

ஆனால் நமக்கு அது பூ. விவசாயிக்கு அது எண்ணெய் வித்து. படத்துக்காக உள்ளே புகுந்து ஒரு செடியை மிதித்தால், அவர் வீட்டுப் பணத்தில் ஒரு பங்கு போயிற்று. வரப்பில் நின்று எடுங்கள். உள்ளே போக வேண்டுமானால் வயல்காரரைக் கேளுங்கள். அவர் காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

அருவியோ, கோபுரமோ, பூவோ, எதுவும் ஓடிப் போய்விடாது. நின்று, நேரம் பார்த்து எடுங்கள். ஆனித் தண்ணீர் போனால் ஆடித் தண்ணீர் வரும். இந்த ஆண்டு சரியாக விழாத படம் அடுத்த சாரலில் விழும். அதை எடுக்க நாமும் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்!